சலூன் ஓவியத்தில் கரீபியன் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஓர் ஓவியக் காட்சிக்கும் போயிருக்கிறீர்கள். அங்கே ஒரு பெரிய கேன்வாஸ்: நீலச் சுவர், இரண்டு சலூன் நாற்காலி, ஆள் யாரும் கிடையாது. பக்கத்தில் இருந்த குறிப்பில் கரீபியப் பாரம்பரியம், சொந்த நினைவு, அன்றாட வாழ்க்கை என்றெல்லாம் எழுதியிருந்தது. கடலும் தென்னையும் கண்ணைப் பறிக்கும் நிறமும் காணோம், எந்த ஊரிலும் இருக்கும் ஒரு முடிவெட்டும் கடைதான் தெரிகிறது, இதில் கரீபியன் எங்கே, வரைந்தவரின் அப்பா அம்மா அந்த ஊர் என்பதற்காக ஒட்டிய முத்திரையா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு தெரியாமல் பார்த்ததுதான் தப்போ என்ற தயக்கமும் உங்கள் வரிகளில் தெரிகிறது. படத்தில் இல்லாத ஓர் ஊர், ஒரு படத்துக்குள் எப்படி இருக்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வரைவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் தொழில். கரீபியத் தீவுகளுக்கு நான் போனதில்லை. கீழே சொல்லும் ஓவியங்களில் சிலவற்றைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன், மற்றவை அச்சில் பார்த்தவை. அதனால் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், என் ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நீங்கள் பார்த்தது ஹர்வின் ஆண்டர்சன் வரைந்த பீட்டர் சலூன் வரிசையில் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தப் படம் என்று உங்கள் விவரிப்பை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதே அறையை அவர் பல தடவை வரைந்திருக்கிறார். ஆண்டர்சன் 1965-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. இங்கிலாந்தில் பிறந்தது அவர் ஒருவர்தான். இந்த ஒரு விவரத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் பேச ஓர் ஊர் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊரின் தெருவும் மரமும் ஆட்களும் பேச்சில் வந்து போகிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு மட்டும் அது காதால் கேட்ட ஊர்.

இனி அந்தச் சலூன். 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்த பிறகு, அடுத்த இருபது வருடங்களில் லட்சக்கணக்கான கரீபிய மக்கள் வேலைக்காக இங்கிலாந்து வந்தார்கள். ஆஸ்பத்திரி, பஸ், தொழிற்சாலை எல்லாவற்றிலும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் முடிவெட்டிக்கொள்ளப் போனால் பல கடைகளில் வரவேற்பு இல்லை, உட்கார வைத்தாலும் அந்தச் சுருள்முடியை வெட்டத் தெரியவில்லை. அதனால் கத்தரி பிடிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே, முன்னறையிலோ மேல்மாடியின் சரிவுக்கூரை அறையிலோ, நாற்காலி போட்டு வெட்ட ஆரம்பித்தார்கள். பர்மிங்ஹாமில் பீட்டர் பிரவுன் என்பவர் நடத்திய சலூன் அந்த வகை. ஆண்டர்சன் வரைந்தது அந்த அறையைத்தான். முடிவெட்டிக்கொள்வதோடு அங்கே வேலை முடிந்துவிடாது. ஊர்ச் செய்தி, கிரிக்கெட், அரசியல், யாருக்கு எங்கே வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். வெளியே ஒரு நாடு இருக்க, உள்ளே அந்தப் பத்துக்குப் பத்து அறை வேறொரு நாடாக இருந்தது. குறிப்பில் எழுதியிருந்த 'அன்றாட வாழ்க்கை'யும் 'பாரம்பரிய'மும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆண்டர்சனின் தலைமுறைக்குக் கைக்கு எட்டிய ஜமைக்கா இந்த அறைதான்.

2006 வாக்கில் தொடங்கிய இந்த வேலை பதினைந்து வருடத்துக்கு மேல் நீண்டது. 2023-இல் வேக்ஃபீல்டில் உள்ள ஹெப்வொர்த் காட்சியகத்தில் இவற்றை ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். ஆண்டர்சன் புகைப்படம் எடுப்பார், அதிலிருந்து கோட்டுப்படம் போடுவார், கண்ணாடி போன்ற தாளில் அதன் மேல் திரும்ப வரைவார், அப்புறம்தான் கேன்வாஸுக்கு வருவார். ஒவ்வொரு தடவை பிரதியெடுக்கும்போதும் ஏதோ ஒன்று விட்டுப்போகும். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் வெறும் நிறக் கட்டம் ஆகிவிடும். கண்ணாடியில் தெரிய வேண்டியது தெரியாமல் ஒரு வெளிறிய பட்டையாக நிற்கும். சில படங்களில் ஒருவர் துணி போர்த்தி, நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். சிலவற்றில் அவரும் இல்லை. இதுவரை சொன்னது படத்திலேயே பார்க்கக் கூடியது. என் ஊகம் இது: நினைவு எப்படித் தேயுமோ அதே வரிசையில் அவர் படம் தேய்கிறது. முகங்கள் முதலில் போகும், எழுத்து போகும், நாற்காலி இருந்த இடமும் சுவரின் நிறமும் கடைசி வரை நிற்கும். உங்கள் சின்ன வயதில் நீங்கள் புழங்கிய ஓர் அறையைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள், இது பிடிபடும்.

கடலும் தென்னையும் எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கரீபியன் என்றதும் நம் மனதில் வரும் படம் அங்கே வாழ்ந்தவர்கள் வரைந்தது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜமைக்காவிலும் பஹாமாஸிலும் சுற்றுலா வியாபாரம் தொடங்கியபோது, கப்பல் கம்பெனிகளும் ஓட்டல்களும் புகைப்படக்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய படம் அது. அதில் இருக்கும் மரங்களே வெளியூர்தான். கரும்பு வெளியிலிருந்து வந்தது. மாமரமும் அப்படியே. அடிமைகளுக்கு மலிவான சாப்பாடு வேண்டும் என்பதற்காக, கேப்டன் பிளை 1793-இல் பசிபிக் தீவுகளிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நாம் 'இயற்கைக் காட்சி' என்று பார்ப்பது ஒருவர் லாபத்துக்காக நட்டுவைத்த தோட்டம். இது தெரிந்த ஓவியர் தென்னையைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்.

பளிச்சென்ற நிறம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மாணவர்களும் முதலில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் ஜான் டங்க்ளியைக் காட்டுவேன். 1891-இல் ஜமைக்காவில் பிறந்தவர். பனாமா, கோஸ்டா ரிக்கா, கியூபா என்று வேலை தேடி அலைந்துவிட்டு, கிங்ஸ்டனுக்குத் திரும்பிச் சலூன் வைத்தார். ஆமாம், அவரும் சலூன்காரர்தான். கடையின் சுவரிலும் பலகையிலும் நாற்காலியிலும் ஓர் இடம் விடாமல் பூவும் கொடியுமாக வரைந்து வைத்திருந்தாராம். அதைப் பார்த்த ஜமைக்கா இன்ஸ்டிடியூட் ஆட்கள்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் அவருடைய ஓவியங்கள் இருட்டானவை. சாம்பலும் கறுப்பும் கரும்பச்சையும், மொட்டையாக வெட்டுண்ட மரங்கள், எங்கே போகிறது என்று தெரியாத பாதை, ஓரத்தில் ஒரு நண்டு அல்லது சிலந்தி. 1947-இல் அவர் இறந்தார். உச்சி வெயில் அடிக்கும் தீவில் இருந்துகொண்டு ஒருவர் ராத்திரியை மட்டுமே வரைந்திருக்கிறார் என்றால், 'கரீபிய நிறம்' என்று ஒன்றை நாம் கேட்டு நிற்பதில் அர்த்தமே இல்லை. கிங்ஸ்டனில் படம் நிறைந்த சலூன், பர்மிங்ஹாமில் படம் அழிந்துகொண்டே வரும் சலூன். ஆண்டர்சன் டங்க்ளியை மனதில் வைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன.

கியூபாவின் விஃப்ரெடோ லாம் இன்னொரு வழியில் போனார். பாரிஸில் பிகாஸோவின் நட்பு, நல்ல பெயர், எல்லாம் இருந்தது. போரால் ஊர் திரும்பியவர் 1943-இல் 'காடு' என்ற படத்தை முடித்தார். நெருக்கமாக நிற்கும் கரும்புக் கழிகளுக்கு நடுவே, பாதி மனிதராகவும் பாதி செடியாகவும் முகமூடி முகங்கள். கரும்பு காட்டில் வளராது, தோட்டத்தில்தான் வளரும். தலைப்பும் படமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இதை 1945-இல் வாங்கியது. ஆனால் பல வருடம் கோட் மாட்டும் அறைக்குப் போகும் வழியில்தான் மாட்டி வைத்திருந்தது. மற்ற பெரிய நவீன ஓவியர்களோடு உள்ளே வைக்கவில்லை.

மறுபடி ஆண்டர்சனுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் கரீபியனுக்கே போய் வரைந்த படங்களும் உண்டு. 2002-இல் டிரினிடாடில் சில மாதம் தங்கினார். ஊர் போய்ச் சேர்ந்தவர் கடற்கரையை வரைந்திருப்பார் என்று நினைப்போம். அவர் வரைந்தது கிரில் கம்பியை. டிரினிடாடின் சின்ன பார்களில் திருட்டுக்குப் பயந்து கல்லாவுக்கு முன்னால் இரும்பு கிரில் போட்டிருப்பார்கள். அந்த கிரில்லின் டிசைன் கேன்வாஸ் முழுக்க முன்னால் நிற்க, பின்னால் பாட்டிலும் காலண்டரும் மங்கலாகத் தெரியும். இன்னொரு படத்தில் டென்னிஸ் மைதானம், ஆனால் கோழிவலைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதாக. நம் வீட்டு ஜன்னல் கிரில்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்: உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு, வெளியே நிற்பவருக்கு அது தடுப்பு. அப்பா அம்மாவின் ஊருக்குப் போனவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அந்தக் கம்பி சொல்லிவிடுகிறது. இது என் வாசிப்புதான், ஆனால் இதில் எனக்கு ரொம்பவே நம்பிக்கை உண்டு.

சலூன் ஆண்களின் இடம் என்றால், வீட்டின் முன்னறை பெண்களின் கைவண்ணம். இங்கிலாந்தில் குடியேறிய கரீபியக் குடும்பங்களில் அந்த ஓர் அறையை மட்டும் விருந்தாளிக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சோபா, பூப்போட்ட சுவர்த்தாள், கண்ணாடி அலமாரி, கடைசி விருந்து படம், ஊசிப்பின்னல் விரிப்புகள். அந்த விரிப்பு விறைப்பாக நிற்கச் சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பார்களாம். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவர்களின் பேத்திகள் சர்க்கரையால் பூ வேலைக்குக் கஞ்சி போட்டிருக்கிறார்கள். 2005-இல் லண்டனின் ஜெஃப்ரி அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு முன்னறையை அப்படியே அமைத்துக் காட்டினார்கள். இந்த அறையைப் படத்துக்குள் கொண்டுவந்தவர்களில் எனக்கு முக்கியமானவர் சோனியா பாய்ஸ். 1962-இல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் பார்படோஸ், கயானா. 1986-இல் அவர் வரைந்த ஒரு பெரிய பேஸ்டல் படத்தில் ரோஜாப்பூ உடை போட்ட பெண்ணாக அவரே நிற்கிறார், தலைக்கு மேலே தூக்கிய கைகளில் அவர் குடும்பம். அவள் அவர்களைத் தாங்கவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தலைப்பின் சாரம். தாங்குவதற்கும் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குடும்பத்தோடு இருப்பவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022-இல் வெனிஸ் பியனாலேயில் தங்கச் சிங்கம் பெற்றபோது அவர் ஒலியும் வீடியோவுமாக வேறு வகை வேலைக்கு வந்திருந்தார். எனக்கு அந்தப் பழைய பேஸ்டல் படங்கள்தான் நெருக்கம்.

நினைவிலிருந்து வரைவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் டென்சில் ஃபாரஸ்டர். 1956-இல் கிரெனடாவில் பிறந்து, பத்து பதினொரு வயதில் லண்டன் வந்தவர். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பை தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர். 1980-களில் கிழக்கு லண்டனின் டப் ரெகே என்ற ஜமைக்கா இசை ஒலிக்கும் கிளப்புகளுக்கு ஃபாரஸ்டர் பெரிய தாள்களோடு போவார். ஆளுயர ஸ்பீக்கர்கள், தரை அதிரும் சத்தம், கும்மிருட்டு. அந்த இருட்டில், ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் ஒரு படம் என்று கணக்கு வைத்து வரைவார். என்ன வரைகிறோம் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. மறுநாள் வீட்டு வெளிச்சத்தில் அந்தத் தாள்களை விரித்து, அவற்றிலிருந்து பெரிய ஆயில் ஓவியங்கள் செய்தார். நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், மாணவர்களையும் விளக்கை அணைத்து வரையச் சொல்லியிருக்கிறேன். கண் வேலை செய்யாதபோது தோளும் மணிக்கட்டும்தான் வரைகின்றன. கோடு உருவத்தை விட்டுவிட்டு அசைவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஃபாரஸ்டரின் படத்தில் ஆட்கள் துண்டு துண்டாகத் தெரிவார்கள், ஆட்டம் மட்டும் முழுசாக இருக்கும்.

ஆனால் அந்தப் படங்களைக் கொண்டாட்டம் என்று மட்டும் பார்த்துவிடக் கூடாது. 1981-இல் அவருக்குத் தெரிந்த வின்ஸ்டன் ரோஸ் என்ற இளைஞர், போலீஸ் பிடித்துக் கொண்டுபோன வேனுக்குள்ளேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு ஃபாரஸ்டரின் நடனக் கூட்டத்துக்கு நடுவே போலீஸ் உருவம் வந்து நிற்க ஆரம்பித்தது. 1982-இல் வரைந்த 'மூன்று பொல்லாத மனிதர்கள்' இப்போது பிரிட்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. 2019-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலைய வாசலுக்கு ஒரு பெரிய படம் கேட்டபோது, அவர் இந்தப் பழைய படத்துக்குத்தான் திரும்பிப் போனார். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்தும் அது அவருக்கு முடிந்துபோகாத விஷயம்.

சரி, முத்திரை பற்றிய உங்கள் சந்தேகம். அது நியாயமான சந்தேகம், அதை முதலில் சொன்னவர்களே அந்த ஓவியர்கள்தான். ஃபிராங்க் போலிங் 1934-இல் அன்றைய பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். 1953-இல் லண்டன் வந்தார். லண்டனின் ராயல் ஓவியக் காலேஜில், பிற்பாடு பெரும்புகழ் பெற்ற ஓவியர் டேவிட் ஹாக்னிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்த 1962-இல் இவருக்கு வெள்ளி. கறுப்பினத்தவரின் ஓவியம் என்றால் அதில் தோல் நிறத்தையும் அரசியலையும் மட்டும் தேடி, பெயிண்ட் எப்படிப் பூசியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லையே என்று 1970-ஐ ஒட்டிய வருடங்களில் பத்திரிகைகளில் விடாமல் எழுதினார். அதே போலிங்தான் 1960-களில் தன் அம்மாவின் கடைப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேன்வாஸில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தவரும். நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற ஊரில் அவர் அம்மா தையல் தைத்து, தொப்பி செய்து, தன் உழைப்பில் கட்டிய மாடிக்கடை அது. பெரிய நிறப்பரப்பு, அதில் தென் அமெரிக்காவின் வரைபடம், ஓரத்தில் மங்கலாக அம்மாவின் கடை. பிறகு கடையும் போய், வரைபடமும் போய், 1973 முதல் சாய்த்து வைத்த கேன்வாஸில் பெயிண்டை மேலிருந்து ஊற்றி வழியவிட்ட படங்கள் வந்தன. அதற்கும் பிறகு கேன்வாஸ் துண்டுகளை வெட்டி ஒட்டி, தைத்துச் சேர்த்த படங்கள். இந்தத் தையலில் தையற்காரி அம்மா இருக்கிறாளா? எனக்கு இருப்பதாகத்தான் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. 1989-இல் மகனோடு கயானாவுக்குப் போனவர், தன் படங்களில் இத்தனை நாள் இருந்த வெளிச்சம் இந்த ஊர் வெளிச்சம் என்று அங்கேதான் புரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் தேம்ஸ் கரையிலும் நியூயார்க்கிலும் வரைந்தவருக்கு அது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஓவியர் தானே அறியாமல் வைத்த ஊரை, பார்க்கிற நாம் முதல் பார்வையில் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதில் உங்கள் தப்பு ஏதும் இல்லை. 2005-இல் அவர் லண்டன் ஓவியர் சங்கமான ராயல் அகாதமியின் உறுப்பினர் ஆனார், அதன் 200 வருடத்துக்கு மேலான வரலாற்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பின ஓவியர். டேட்டில் முழு வாழ்நாள் காட்சி 2019-இல்தான், எண்பத்தைந்து வயதில்.

அந்த நியூ ஆம்ஸ்டர்டாம் இருப்பது பெர்பீஸ் பகுதியில். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் 'மதராசி' என்ற பெயரோடு இன்றும் அங்கே இருக்கிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் கரீபியத் தீவான குவாதலூப்புக்கு 1854 முதல் நாற்பதாயிரம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள், அதில் கணிசமானோர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் ஏறியவர்கள். அங்கே 1981-இல் பிறந்த ஓர் ஓவியரின் பெயர் கெல்லி சின்னப்பா மேரி. பெயரைக் கேட்டதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவர் தன்னை ஆப்பிரிக்க வம்சாவளி என்றே நினைத்து வளர்ந்தவர். தென்னிந்தியாவிலிருந்து போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாரிசு என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். அதிலிருந்து, ஊர் திரும்பாதவர்களின் நோட்டுப் புத்தகம் என்கிற மாதிரிப் பெயரில் தொடர்ந்து வரைந்து வருகிறார். செடிகொடி உடம்பெங்கும் படர்ந்த பெண்கள், சிறுமிகள். அவருக்கு நினைவு என்று ஒன்று கைக்கு வரவே இல்லை, ஒரு குடும்பப் பெயர் மட்டும் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு முன்னோரின் உலகத்தையே கற்பித்து வரைகிறார். இங்கே பாரம்பரியம் என்பது கிடைத்த சொத்தைவிடத் தேடிக் கட்டிய வீடு போலத்தான் இருக்கிறது.

வரலாறு தெரிந்த பிறகுதான் பார்க்க வேண்டுமா என்பதற்கு, என் அனுபவத்தில், வேண்டாம். முதலில் வெறுமனே பாருங்கள், குறிப்பைப் பிறகு படியுங்கள், படித்துவிட்டு மறுபடி ஒரு தடவை படத்தின் முன்னால் போய் நில்லுங்கள். இந்த இரண்டாம் தடவையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் முதல் தடவையிலேயே நீலச் சுவரையும் இரண்டு நாற்காலியையும் ஆள் இல்லாததையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், முக்கால்வாசி வேலை அதுதான். அடுத்த மாதம் மறுபடி போவதாகச் சொன்னீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தின் அருகே போய் நாற்காலியின் ஓரத்தையும் சுவரின் நீலத்தையும் பாருங்கள், எங்கே பெயிண்ட் வழிந்திருக்கிறது, எங்கே அளவுகோல் வைத்தது போல் நிற்கிறது, எதை அவர் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார் என்று. நேரம் இருந்தால் ஃபாரஸ்டரின் படமும் போலிங்கின் படமும் அப்போது காட்சியில் இருக்கின்றனவா என்று விசாரித்து, மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதினால் நான் படிப்பேன், குறிப்பாக அந்தக் கண்ணாடி பற்றி உங்கள் மகள் என்ன சொன்னார் என்று.